நீலத் துணியிலிருந்து பஸ் திடல் வரை

காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு மில் என்றால் ரைஸ் மில்தான். நெல் அவிக்கும் தொட்டி, உமி எரியும் வாசனை, சிமெண்டுக் களத்தில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடக்கும் பெண்கள். பஞ்சு மில்லைப் பார்க்க வேண்டுமானால் நாங்கள் மேற்கே கோயம்புத்தூருக்கோ தெற்கே மதுரைக்கோ போக வேண்டும். தஞ்சாவூர் வண்டலில் பருத்தி பெரிதாக எடுபடவில்லை. அது விளைந்த இடம் கரிசலும் கொங்கு நாடும். கையில் பணம் சேர்ந்த மிராசுதார் இன்னும் இரண்டு வேலி நிலம் வாங்குவாரே தவிர இயந்திரத்தில் போடமாட்டார். ஆள்பலமோ பண்ணைகளில் கட்டுண்டு கிடந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கோயம்புத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழுந்தபோதும் டெல்டாவில் எழுந்தவை நெல் அரைக்கும் புகைபோக்கிகள்தான்.

இத்தனைக்கும் தறிக்குப் பஞ்சமில்லை. திருபுவனத்தில் பட்டு, மாயவரத்துக் கூறைநாட்டில் கூறைச்சேலை, அய்யம்பேட்டையில் நெசவுத் தெருக்கள். நூல் மட்டும் வெளியூரிலிருந்து வந்தது.

டெல்டாவின் ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் சொந்தமாக ஒரு மில் ஊர் இருந்தது. 1739-இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், சுற்றிலும் தஞ்சை ஜில்லா வயல்கள் சூழ, புதுச்சேரியிலிருந்து ஆளப்பட்டது. புதுச்சேரி மில் வாசலில் நடந்ததன் பலாபலன் காரைக்காலுக்கும் உண்டு. சவானா, கப்ளே, ரோடியர் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்ன மூன்று மில்களின் கதை எங்களுக்கு அப்படித்தான் அக்கம்பக்கத்துக் கதையாகிறது.

கதை தொடங்குவது மில்லில் அல்ல, சாயத் தொட்டியில். புதுச்சேரி வட்டாரத்தில் அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் கினே என்று சொல்லி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஒரு துண்டு 15, 16 மீட்டர் நீளம். செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துண்டுதான் பணம். ஆற்றுக்கு வடக்கே பாலை ஓரத்தில் நம்மூர்க் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட உறவான மரத்திலிருந்து மூர் இனத்தார் பிசின் எடுத்தார்கள். இத்தனை எடைப் பிசினுக்கு இத்தனை துண்டு நீலத் துணி என்று பேரம். அந்தப் பிசின் எங்கே போயிற்று? பிரான்சுக்கு. அங்கே துணியில் பூ அச்சடிக்கும்போது சாயம் பரவிவிடாமல் கெட்டிப்படுத்த அது தேவைப்பட்டது. தமிழன் தோய்த்த துணியைக் கொடுத்து, பிரெஞ்சுக்காரன் அச்சடிக்கும் துணிக்குப் பிசின் வாங்கினார்கள். நடுவில் கப்பல்காரனும் தரகனும் தின்றது போக மிச்சம்தான் நெசவாளிக்கு.

தோய்ப்பது எளிய வேலை அல்ல. அவுரிக் கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும், வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் நாள்கணக்கில் புளிக்க விடவேண்டும். புளித்த தாழிக்குள் நீலம் இருக்காது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு குழம்பு. துணியை முக்கி எடுத்தால் பாசி நிறத்தில் வரும். காற்றுப் படப்பட, கண்ணெதிரே அது நீலமாகிக்கொண்டே போகும். மறுபடி முக்கு, மறுபடி காற்று. கருநீலம் வேண்டுமென்றால் பல முழுக்கு. கடைசியில் கட்டையால் அடித்து மினுமினுப்பு ஏற்றுவார்கள். உடுத்துகிறவர் தோலில் நீலம் ஒட்ட வேண்டும்; மூர் வாடிக்கையாளருக்கு அதுதான் நல்ல சரக்குக்கு அடையாளம். வாசனையையும் பார்ப்பார்களாம். ஐரோப்பிய ஆலைகள் இதே துணியைப் போலியாக நெய்து அனுப்பியபோது ஆப்பிரிக்கச் சந்தையில் அவ்வளவு சுலபமாக எடுபடவில்லை. சாயம் போகும் துணியை நாம் கடைக்காரன் முகத்தில் விட்டெறிவோம். அங்கே சாயம் போகாத துணி விலைபோகவில்லை.

நெப்போலியன் காலத்துப் போர்கள் முடிந்து 1816-இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தபோது, கோட்டையும் படையும் இல்லாத ஒரு சிறு ஊர்தான் மிஞ்சியது. அதை எதைக்கொண்டு பிழைக்க வைப்பது? கினேயைக்கொண்டுதான். 1826 முதல் 1828 வரை ஆளுநராக இருந்த தெபசேன் தெ ரிஷ்மோன் தொழில்களுக்குக் கைகொடுத்தார். கையால் நூற்ற நூல் கப்பல் கேட்கும் அளவுக்குத் தாக்குப்பிடிக்காது என்ற நிலையில், 1820களின் இறுதியில் பிளென், தெல்புரூக் என்ற இரு முதலாளிகளின் நூற்பாலை எழுந்தது. அதுவே சவானா மில். இந்தியப் பஞ்சாலைக்குப் பிள்ளையார் சுழி பம்பாயில் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். காவஸ்ஜி நானாபாய் தாவர் பம்பாயில் மில் தொடங்கியது 1854-இல். கல்கத்தாப் பக்கத்துப் பௌரியா மில்லை விட்டுவிட்டால், சவானாவுக்கு முன்னால் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

பிரெஞ்சு அரசு தன் சரக்கைச் சும்மா விடவில்லை. 1877-இல் செனகலில் இறங்கும் அயல்நாட்டு நீலத் துணிக்கு வரி போட்டுப் புதுச்சேரித் துணிக்கு வழிவிட்டது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து ரயில் பாதை வந்தது. பஞ்சு மூட்டை உள்ளே வரவும் துணிக் கட்டு துறைமுகம் போகவும் வசதியாயிற்று. கப்ளே குடும்பத்தின் மில்லும், 1898-இல் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்ற பெயரில் ரோடியர் மில்லும் அணிசேர்ந்தன. பெயரிலேயே பாருங்கள், பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலப் பணம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1881-லிருந்து தொழிற்சாலைச் சட்டம் என்று ஒன்று இருந்தது, பல்லில்லாத சட்டம்தான் என்றாலும். எல்லைக்கு இப்பால் அதுவும் இல்லை. கூடவே பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் சந்தைக் கதவும் திறந்திருந்தது. முதலாளிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

ஒரு நூற்பாலைக்குள் என்ன நடக்கிறது என்பதை உள்ளே போகாதவர்களுக்குச் சொல்லவேண்டும். இறுக்கிக் கட்டிய பஞ்சு பேலைப் பிரித்து புளோரூமில் உதறித் தூசி நீக்குவார்கள். கார்டிங்கில் சீவி, இழைகளை ஒரே திசைக்குத் திருப்புவார்கள். அங்கிருந்து வெள்ளைக் கயிறுபோல் டப்பாவுக்குள் சுருண்டு விழுகிற பஞ்சு, டிராயிங்கில் இழுபட்டு, அடுத்த மிஷினில் லேசாக முறுக்கேறி, கடைசியில் ரிங் பிரேமில் நூலாகிறது. ரிங் பிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே வரிசையில் சுற்றும். எங்கோ ஓர் இழை அறும். அதைக் கண்ணால் கண்டுபிடித்து, ஓடுகிற கதிரை ஒரு கையால் நிறுத்தி, மறு கையால் இழையை ஒட்டி விடவேண்டும். ஒட்டிவிட்டு நிமிர்வதற்குள் பக்கத்தில் இன்னொன்று அறும். காற்று காய்ந்தால் இழை அதிகம் அறும் என்பதால் உள்ளே எப்போதும் ஈரப்புழுக்கம். மூச்சில் பஞ்சு. காதில் மிஷின் சத்தம். பக்கத்தில் நிற்பவரோடு கைஜாடையில்தான் பேச்சு. நிரம்பிய பாபினை எடுத்துவிட்டு வெறும் பாபின் மாட்டுகிற வேலை அந்தக் காலத்து மில்களில் பிள்ளைகளுக்கு. குனிய வேண்டாத உயரம் அவர்களுக்கு வாய்த்திருந்தது என்று இதற்கு நியாயம் சொன்னவர்களும் உண்டு.

புதுச்சேரி மில்களில் வேலை நாள் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. கூலி குறைவு, பெண்களுக்கு அதனினும் குறைவு. சங்கம் வைக்க உரிமை இல்லை. 1930களில் வ. சுப்பையா தொழிலாளர்களைத் திரட்டத் தொடங்கினார். 1936 கோடையில் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு வந்து, அங்கே தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி வாரத்துக்கு 40 மணி நேரம், சம்பளத்தோடு விடுமுறை என்று வாங்கிய செய்தி இங்கும் எட்டியது. பாரிசில் கிடைப்பது முதலியார்பேட்டையில் ஏன் கிடைக்கக் கூடாது? சவானா மில் தொழிலாளர்களும் உள்ளேயே உட்கார்ந்தார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள்.

அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது. அந்த ஆண்டே நேரு புதுச்சேரிக்கு வந்தார். சுப்பையா பாரிஸ் வரை போனார். 1937-இல் பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது: நாளைக்கு எட்டு மணி நேரம், சங்கம் வைக்கும் உரிமை. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் வாங்கிய ஊர் என்று புதுவை மேடைகளில் சொல்வார்கள். அந்தப் பட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆசியா பெரிய கண்டம். ஆனால் பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டாலே போதும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். 48 மணி நேர வாரம் அங்கே வர இன்னும் ஒன்பது, பத்து ஆண்டு ஆயிற்று. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓர் ஆற்றைத் தாண்டினால் வேலை நாள் இரண்டு மணி நேரம் குறைந்தது.

டெல்டாவின் உழைப்பாளிக்கோ கடிகாரமே கிடையாது. பண்ணையாள் பொழுது விடியுமுன் வயலில் இறங்கி, மிராசுதார் போகச் சொல்லும்போது கரையேறுவான். கேள்வி கேட்டால் சாட்டையடி, சாணிப்பால். இதை மாற்ற வந்தவர்களில் முன்னே நின்றவர் பி. சீனிவாச ராவ். கன்னட நாட்டுக்காரர், 1943-இல் தஞ்சைக்கு வந்து, சேரிகளில் தங்கி, தமிழ் பேசி, விவசாயத் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்த்தார். சென்னை மாகாணத்தின் முதல் கம்யூனிஸ்ட் குழுவில் புதுச்சேரி மில்காரர்களின் சுப்பையாவும் இவரும் சேர்ந்தே இருந்தவர்கள். மில்லில் பழகிய முறைகளான சங்கம், கோரிக்கைப் பட்டியல், முத்தரப்புப் பேச்சுவார்த்தை எல்லாம் அப்படி வயலுக்கு வந்தன. 1944-இல் மன்னார்குடிப் பக்கத்துக் களப்பாலில் போட்ட ஒப்பந்தம் சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் தடை சொன்னது. 1952-இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டெல்டாவுக்குப் பஞ்சு மில் வரவில்லை. மில்லின் இந்த விளைச்சல் வந்தது. நீலத் துணி செனகலுக்குப் போனதைவிட இதை நான் பெரிய பயணமாகக் கருதுகிறேன்.

மில்களின் பிற்காலம் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான். சுருக்கிச் சொல்லிவிடலாம். சவானா, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட சுதேசி காட்டன் மில்ஸ் கையில் போய் சுதேசி மில் ஆயிற்று. கப்ளே மில் பாரதி மில் ஆயிற்று. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி போனது. ஆப்பிரிக்காவில் நீலத் துணிக்கு மவுசு போய் வெகுகாலம் ஆகியிருந்தது. 1986-இல் ரோடியர் மில்லைப் புதுவை அரசு எடுத்துக்கொண்டது, பெயர் ஏ.எஃப்.டி. சுதேசியும் பாரதியும் தேசிய ஜவுளிக் கழகத்திடம் இருந்துவிட்டு, 2005-இல் அவையும் புதுவை அரசுக்கே வந்தன. பழைய மிஷின், ஏறும் பஞ்சு விலை, பதிலித் தொழிலாளருக்குத் தேர்தல்தோறும் நிரந்தர வேலை வாக்குறுதி. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரையும் புதுவையையும் புரட்டிப்போட்டபோது ஏ.எஃப்.டி. கூரைகளும் போயின. அதற்குப் பிறகு லே-ஆஃப், பாதிச் சம்பளம், நிலுவைக்கு ஆர்ப்பாட்டம். 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ஏ.எஃப்.டி.க்குப் பூட்டு. மற்ற இரண்டுக்கும் அடுத்தடுத்து அதே கதிதான். ஊரடங்கு நாட்கள் என்பதால் பூட்டும்போது வாசலில் கூட்டம்கூடக் கூட முடியவில்லை.

இந்த இடத்தில் செத்துப்போன மில்கள் என்ன ஆகின்றன என்று சுற்றிலும் பார்ப்பது நல்லது. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்ஹாம்-கர்னாடிக் மில் 1996-இல் மூடியது. 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கத்தைக் கட்டிய இடம் அது. மூடிய பிறகு வில்லன்கள் அடிவாங்கும் படப்பிடிப்புத் தளமாகச் சில காலம். பின்னி மில் சண்டைக்காட்சி பார்க்காத தமிழ் ரசிகர் இருக்கமாட்டார். இப்போது அடுக்குமாடிகள். கோயம்புத்தூரில் 1910-இல் பிறந்த லட்சுமி மில்லின் பழைய கட்டடத்தில் ஒரு பகுதி கடைகளாகவும் உணவகங்களாகவும் மறுபிறவி எடுத்திருக்கிறது. மேல்கூரையையும் செங்கலையும் விட்டுவைத்தார்கள், அந்த மட்டில் நல்லது. பம்பாயில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் சரிந்தன. மூடிய மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்த வெளிக்கு, ஒரு பங்கு எளியவர் வீட்டுக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு என்று 1991-இல் விதி வகுத்தார்கள். 2001-இல் விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும்தான் இந்தப் பங்கீடு என்றார்கள். மில்லில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று ஷாப்பிங் மால்.

புதுச்சேரி நிலம் அரசிடமே இருப்பதால் இன்னும் அந்தக் கதி வரவில்லை. கட்டடங்கள் செடி முளைத்து நிற்க, ஏ.எஃப்.டி. திடல் மட்டும் ஓயாமல் உழைக்கிறது. பொருட்காட்சி, கட்சிக் கூட்டம், பட்டாசுக் கடை எல்லாவற்றுக்கும் அதுதான். 2024 ஜூனில் மறைமலை அடிகள் சாலைப் பேருந்து நிலையத்தைப் புதுப்பிக்க இடித்தபோது வெளியூர் பஸ்கள் எல்லாம் அந்தத் திடலுக்கு வந்தன. கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்கால், நாகப்பட்டினம் என்று போர்டு மாட்டிய வண்டிகள் மில் திடலில் வரிசையாக நிற்க, தகரக் கொட்டகை நிழலில் சுண்டல் விற்பனை. டெல்டாக்காரர்கள் புதுச்சேரியில் இறங்கி முதலில் மிதித்தது மில் மண்ணை. கண்டக்டர் "ஏ.எஃப்.டி. கடைசி ஸ்டாப், எறங்கு எறங்கு" என்று கத்துவார். எனக்கு முன் இறங்கிய கல்லூரிப் பையன் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான்: "அண்ணே, ஏ.எஃப்.டி.ன்னா என்னண்ணே?" அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கிரவுண்டு."

அவர் மேல் குற்றம் இல்லை. மூடிய மில் என்றால் நாம் எல்லாருமே நிலத்தைத்தான் பார்க்கிறோம். இத்தனை ஏக்கர், என்ன கட்டலாம், யாருக்குப் போகும். அடுத்தபடியாக, ரசனை உள்ளவர்கள் கட்டடத்தைப் பார்க்கிறார்கள்: செங்கல் வளைவு, வடக்கு வெளிச்சம் வாங்கும் ரம்பப்பல் கூரை, உள்ளே காபிக் கடை வைத்தால் எப்படி இருக்கும். மில்லுக்குள் இருக்கும் மூன்றாவது பொருளை யாரும் கேட்பதில்லை. காகிதம். நூறு வருஷம் ஓடிய மில்லில் மஸ்டர் ரோல் இருக்கும், கூலிப் பதிவேடு இருக்கும், அபராதப் புத்தகம், விபத்துக் குறிப்பு, பி.எஃப். லெட்ஜர் இருக்கும். யார் எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன சாதி, எத்தனை வயதில் சேர்ந்தார், எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் கூலி பிடித்தார்கள் என்று வரி வரியாக. புதுச்சேரித் தொழிலாளி வரலாறு இன்று தலைவர்களின் நினைவுக் குறிப்பிலும் ஜூலை 30 மாலை மரியாதையிலும்தான் இருக்கிறது. சுடப்பட்ட 12 பேரைப் பற்றி ஊருக்குத் தெரியும். அவர்களோடு ஒரே ஷிப்டில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் பதிவேடுகளை விட்டால் வேறு வழி கிடையாது.

பிரான்சில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. வட பிரான்சின் ரூபே நகரில் மோத்-போசு குடும்பத்தின் நூற்பாலை, கோட்டை மாதிரி கோபுரம் வைத்த பிரம்மாண்டமான கட்டடம், 1980களில் மூடியது. அதை இடிக்கவில்லை, மால் கட்டவில்லை. 1993-இல் அதில் தேசியத் தொழிலுலக ஆவணக் காப்பகத்தைத் திறந்தார்கள். மூடிய ஆலைகளின் கணக்குப் புத்தகங்கள், சங்கங்களின் கடிதங்கள், திவாலான கம்பெனிகளின் கோப்புகள் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. பஞ்சு இருந்த மாடியில் பேப்பர்.

அவ்வளவு பெரிய ஏற்பாடு நம்மால் ஆகாது என்றால் வேண்டாம். 2025 மே மாதத்தில் பஸ்கள் புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. திடலைப் பற்றி மறுபடி திட்டம் போடுவார்கள், போடட்டும். கட்டடத்தில் எதை வைத்துக்கொள்வது எதை இடிப்பது என்பதும் மெதுவாகவே முடிவாகட்டும். கரையானும் மழையும் அந்த முடிவுக்காகக் காத்திராது என்பதால், காகிதத்தை முதலில் அள்ளிவிட வேண்டும். புதுச்சேரியில் லாஸ்பேட்டைப் பக்கம் தேசிய ஆவணக் காப்பகத்துக்கே ஒரு கிளை இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் கடற்கரையோரம் இருக்கிறது. மில் வாசலிலிருந்து இரண்டுமே ஒரு மினி லாரி போய்வரும் தூரம்.